கழற்றி வைத்த ஒயர்

மூன்றாம் நாளாகப் பனிமழை.
விழும்போது தண்ணீர், தொட்டதும் கண்ணாடி.
மெய்ன் மாநிலத்தின் வடகோடியில்
மின்கம்பங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்த சாலையில்
சங்கிலி கட்டிய சக்கரங்களோடு ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது
இரவு இரண்டே கால்.

கிளோவிஸ் பெல்தியே வாசலிலேயே நின்றிருந்தார்,
காதுமடல் சிவந்து, கையில் டார்ச்.
"ஓடுது, நிக்குது. ஓடுது, நிக்குது.
எட்டாயிரம் டாலர் கொட்டி வாங்கினேன், நொயெல்லா,
சண்டிக் குதிரை மாதிரி படுத்துக்குது."

உள்ளே அவர் மனைவி ஓதீல்.
காற்றிலிருந்து பிராணவாயு பிரிக்கும் பெட்டி
மின்சாரமின்றி மூலையில் ஊமையாய் இருக்க
சிலிண்டரில் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது.
முள் சிவப்புக் கட்டத்தை நெருங்கியிருந்தது.
நான் முள்ளைப் பார்த்ததை அவர் பார்த்தார்.
"முதல்ல பூட்ஸைக் கழட்டு" என்றார்,
"சாயங்காலந்தான் தரையைத் துடைச்சார்."

ஜெனரேட்டர் மூடியைத் தூக்கினேன்.
ஆயில் அழுத்த ஸ்விட்ச்சில் இருக்க வேண்டிய ஒயர்
தனியே தொங்கியது, முனையில்
கறுப்பு டேப் சுற்றி, வெகு பக்குவமாக.
"யாரு?"
"மச்சான். நேத்து.
அதுக்கப்புறந்தான் கொஞ்சமாவது ஓடிச்சு."

அளவுகோலை உருவினேன். நுனியில் மட்டும் ஈரம்.
அறுபது மணி நேரம் ஓடி
தன் எண்ணெயைத் தானே குடித்திருக்கிறது.
அது படுத்தது சண்டித்தனம் இல்லை.
தொண்டை வறண்டவன் கைகாட்டி நிறுத்தினான்.
மச்சான் அந்தக் கையைக் கட்டிப்போட்டார்.

எண்ணெய் ஊற்றி, ஒயரை மாட்டி, ஸ்டார்ட் செய்தேன்.
பிடித்தது. ஏறி இறங்கித் தள்ளாடியது.
செத்தது.
ஒரு நோய்க்கு மருந்து கொடுத்தால்
பின்னால் இன்னொன்று ஒளிந்திருக்கிறது.

தொட்டியில் எரிவாயு நாற்பது சதவீதம்.
வால்வு திறந்துதான் இருக்கிறது.
குழாயோடு கூடவே நடந்தேன்;
நடந்தேன் என்றா சொன்னேன், வழுக்கினேன்.
ரெகுலேட்டர் இருந்த இடத்தில்
பூசணி அளவு பனிக்கட்டி.
அது மூச்சு விடும் சிறு துளை உள்ளே எங்கோ
அடைபட்டுக் கிடந்தது.
வெளிக்காற்றின் கனம் தெரியாமல்
எவ்வளவு திறப்பது என்று அதற்குப் புரியவில்லை.
ஆக, இந்த வீட்டில் மூச்சு முட்டுவது இரண்டு பேருக்கு.

கிளோவிஸ் சுத்தியல் கொண்டு வந்தார்.
வேண்டாம், துணி என்றேன்.
விறகு அடுப்பில் கொதித்த கெட்டிலில் துணி நனைத்து
பொத்திப் பொத்தி உருக்கினோம், நாலு தடவை.
ஈரம் போகத் துடைத்து,
மேப்பிள் பாகு வந்த பிளாஸ்டிக் ஜாடியை வெட்டி
கூரையாகக் கவிழ்த்தேன், அடிப்பக்கம் திறந்திருக்க.

சாவியில் கை வைத்தபோது மணிக்கட்டைப் பிடித்தார்.
"அந்த ஒயரை மட்டும் கழட்டி வை. இன்னிக்கு ராத்திரி மட்டும்.
எஞ்சின் செத்தா சாகட்டும்.
எஞ்சின் இன்னொண்ணு வாங்கிக்கலாம்."
வாங்க முடியாதது எது என்று அவர் சொல்லவில்லை.

பயிற்சியில் சொல்லித் தந்தார்கள், எஞ்சினைக் காப்பாற்று என்று.
யாருக்காக என்று
தேர்வுத்தாளில் கேள்வி வரவில்லை.
எண்ணெய் வற்றியபின் ஓடினால் சற்று நேரந்தான்,
பிறகு சாலை திறக்கும்வரை வெறும் இரும்பு.
நிற்கத் தெரிந்தது மறுபடி கிளம்பும்.
இதை அவரிடம் சொன்னேனா, நினைவில்லை.
ஒயர் மாட்டியபடியே இருந்தது.

வண்டியிலிருந்த ஆயில் அத்தனையும் இறக்கினேன்.
அட்டையில் எழதியது என் கை, நடுங்கியது குளிரால்தான்:
எட்டு மணிக்கொரு தடவை நிறுத்து. பார். ஊற்று.
சிலிண்டரில் மிச்சம் அந்தப் பத்து நிமிடத்துக்கு,
வேறெதற்கும் தொடாதே.

இந்தத் தடவை தள்ளாடவில்லை.
மூலையில் பெட்டி ஒரு முறை கூவி
இழுக்கத் தொடங்கியது.
விளக்கு வந்ததும் ஓதீல் பார்த்தது
கணவரை அல்ல, என்னை அல்ல,
தரையை.
வாசலிலிருந்து கட்டில்வரை
என் பூட்ஸ் தடம்.