தகப்பன் பெயர்

நீரோடிக் கோயிலின் ஞானஸ்நான ஏட்டில்
ஒரு வரி மட்டும் சாய்ந்து கிடக்கிறது.
கொல்லம் ஆயிரத்து நாலு, மாசி.
"மணி ஆளில்லாமல் அடித்தது.
கடல் பின்வாங்கி மரங்கள் மணலில் இருந்தன."
தமிழுக்குள் மலையாளம் கசியும் கையெழுத்து.

அந்த வரிக்காகத்தான்
கிளீட்டஸின் படகை வாடகைக்கு எடுத்தோம்.
சுறாவுக்குப் போகிற படகு.
ஐஸ் பெட்டியில் எங்கள் பேட்டரிகள்,
பின்னால் முந்நூறு மீட்டர் கேபிள்,
எட்டு நொடிக்கு ஒருதரம்
தண்ணீருக்குள் ஒரு வெடி.
"கதவத் தட்டுதியளா?" என்றார்.
ஆமாம் என்றேன்.
பணம் தந்த குழுவிடம்
பதினாறு பக்கத்தில் இதைத்தான் சொல்லியிருந்தேன்.

மூன்றாம் இரவு திரையில் வந்தது.
பாய் விரித்தாற்போல் போன படிவுகள்
ஓரிடத்தில் அறுந்து
ஆறு மீட்டர் கீழே மறுபடி தொடங்கின.
"கிட்டிப்போயி!" என்று குதித்தாள்
பொழியூர் ஷைனி.
இடப்பக்கம் விழிஞ்ஞம் விளக்கு சுற்றியது.
போன் எந்த மாநிலம் என்று
முடிவு செய்யாமல் இருந்தது.
நான் வாந்தி எடுத்தேன். சந்தோஷத்தில் இல்லை,
அலை அப்படி.

பிறகு குழாய் இறக்கிச் சேறு எடுத்தோம்.
சிப்பித் துணுக்குகளிடம் வயது கேட்டோம்.
முறிவின்மேல் போர்த்திக் கிடக்கும் சேறு
நாலாயிரம் வருடமாகக் கலையாதது.
ஒரு மடிப்பில்லை.
புழு போன துளைகூட
வளையாமல் நேராக இறங்குகிறது.
மணி அடித்த அன்று
இந்தப் பிளவு அசந்து உறங்கியிருக்கிறது.
பெயர்கூட வைத்துவிட்டிருந்தோம் அதற்கு.

கிளீட்டஸ் தூண்டில் முள் எண்ணிக்கொண்டிருந்தார்.
விஷயத்தைச் சொன்னேன்.
"அப்பம் வேற எவனோ."
இன்னொரு நூறு முள் எண்ணி முடித்துவிட்டு
ஒரு கணியம் சொன்னார்:
கோயில் கோபுரம் மலை உச்சியில் ஏறி நிற்கும்வரை
படகை விலக்கணும்,
அப்புறம் நேர் தெற்கே.
"அங்கன நங்கூரம் போடமாட்டோம்."
ஏன்?
"போட்டா எடுக்க ஒக்காது."
வரைபடத்தில் அந்த இடம் வெறும் நீலம்.
அடுத்த பருவத்துக்குப் பணம் கேட்டு
எழுத வேண்டும்.

கோயிலுக்கு மறுபடி போனேன்.
இத்தனை நாளும் நான் படிக்காத அடுத்த வரி,
அதே தேதி, அதே மை:
சவேரியாள், பெண். தாய் ஞானம்மை.
தகப்பன் பெயருக்கு ஒரு கோடு.
பூமி ஆடிய நாளில், கோடு போட்டுவிட்டுக்
குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார் சாமியார்.

என் அறிக்கையிலும் ஒரு கட்டம் உண்டு,
அதிர்வு பிறந்த இடம் என்று.
கோடு போட்டேன்.
பென்சிலால்.