பதியுதோ

மூன்று நிமிடம் நாற்பத்தொரு விநாடி.
அதற்குமேல் அதைப்பற்றி ஒருவருக்கும் நிச்சயம் இல்லை.

தெஹிவளையில் ஒருவன் கேட்டானாம்,
விடிய அவன் போனில் ஒரு நம்பர்கூட மிச்சமில்லையாம்.
மருதானைப் பக்கம் வேறு கதை:
இரவு இரண்டு மணிக்குப் பிறகுதான் திறக்கும்,
திறந்தால் கடல் கேட்கும்,
கடலுக்குள் இருந்து யாரோ
உன்னை வீட்டில் கூப்பிடும் பெயரால் கூப்பிடுவார்கள்.
டொரொன்டோவில் ஒரு பொடியன்
முழுதாகக் கொண்டுவருபவருக்கு
ஐந்நூறு டொலர் என்று எழுதியிருக்கிறான்.

பம்பலப்பிட்டியில், இரண்டாம் மாடியில்,
செத்த ஹார்ட் டிஸ்க்குகளைத் திறந்து பிழைக்கிற என்னிடமும்
மாதம் ஒருவராவது வந்து குரலைத் தாழ்த்துகிறார்கள்:
"அண்ணே, அந்த பைல்..."
இல்லை என்கிறேன்.
இருந்தாலும் இவன் தரமாட்டான் என்று
படியிறங்கும்போது பேசிக்கொள்கிறார்கள்.

எனக்கு அப்போது பத்தொன்பது.
வெள்ளவத்தையில், ரயில் போனால் மொனிற்றர் நடுங்குகிற
நெற் கஃபேயில் வேலை.
மிஸிஸ் பெனடிக்ற் ஒரு கசற் கொண்டுவந்தா.
கப்பலில் இருந்து புருசன் பேசி அனுப்பினது,
சீடியில் போட்டுத் தரச் சொல்லி.
ஏற்றினேன். கடைசியில் டெக் நாடாவைத் தின்றுவிட்டது.
பரவாயில்லை, கொம்பியூட்டரில் இருக்குதே.
அன்றிரவே
கார் பந்தய விளையாட்டுக்கு இடம் போதாமல்
டிரைவை முழுதாகத் துடைத்தேன்.
துடைத்து, விளையாடி, வென்றும்விட்டேன்.

காலையில் நனைந்த குடையோடு வந்து நின்றா.
வாயில் வந்ததைச் சொன்னேன்:
"சில பைல் இப்படித்தான் மிஸிஸ். தானாகவே அழியும்.
ஒருத்தராலும் மறிக்க ஏலாது."
நாலாம் கூண்டிலிருந்து ரிம்சான் எட்டிப் பார்த்தான்.
பின்னேரம் ரியூஷனுக்குப் போகிற பிள்ளை,
அது போதும் ஊருக்கு.

அவ கொஞ்ச நேரம் கீபோர்டையே பார்த்தா.
பிறகு, "எவ்வளவு தரவேணும், தம்பி?"
நூற்றைம்பது.
வேண்டாம் என்று சொல்ல எனக்கு வரவில்லை.

போன கிழமை புதிதாக ஒன்று உலவுகிறது,
யார் தொடங்கியதோ தெரியாது.
கடலும் இல்லையாம், பேயும் இல்லையாம்.
முதலில் ஒரு இருமல்.
பிறகு மைக்கை விரலால் தட்டி ஒரு ஆம்பிளைக் குரல்:
"ஸ்டெல்லா, பதியுதோ?"

இருமலை நான் இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை.
அந்தச் சீடி எரியவே இல்லை.
அந்த டிஸ்க்கைப் பழைய இரும்புக்காரன்
நிறுத்து வாங்கிப் போனதை
நானே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஷட்டரை இறக்கிவிட்டு
டொரொன்டோப் பொடியனுக்கு எழுதினேன்,
கிடைத்தால் சொல்,
நான் ஆயிரம் தருகிறேன்.