கழித்தல் குறி

ஊலுவில் ஜனவரி.
சன்னலுக்கு வெளியே வெப்பமானியில்
ஒரு கழித்தல் குறி, பக்கத்தில் இருபத்தேழு.
சன்னலுக்கு உள்ளே என் கோப்பில்
இன்னொரு கழித்தல் குறி, பக்கத்தில் ஜிட்.

மேலே ஒரு குறிப்பு:
'பவர்பிசிக்கு மட்டும் அணைத்துள்ளேன்.
தற்காலிகம். சரியானதும் நீக்கவும்.
வெய்க்கோ லாம்பினென், மார்ச் 2011.'
வெய்க்கோ இப்போது கெமியில்
படகு மோட்டார் விற்கிறாராம்.
தற்காலிகம் மட்டும் வேலையை விடவில்லை.

ஒரே பொதிதான். சிப்புகள் எட்டு வகை.
ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தியம்.
ஆர்முக்குக் கல்லைப் போட்டாலும் செரிக்கும்.
ரிஸ்க்-விக்கு இப்போதுதான் பல் முளைக்கிறது.
மூலையில் இருக்கும் மெயின்பிரேம்
பிறந்ததிலிருந்து ஒலிபெருக்கியைப் பார்த்ததில்லை,
அதனிடம் போய்
பாட்டு வேண்டுமா என்று கேட்கக் கூடாது.

'ஒரு கண்ணில் வெண்ணெய்,
ஒரு கண்ணில் சுண்ணாம்பு' என்றான்
புதிதாகச் சேர்ந்த ஓஸ்மோ.
எது வெண்ணெய் என்று
கண்ணைக் கேட்டாயா, என்றேன்.
கேட்டது அவனை. உறைத்தது எனக்கு.
பதின்மூன்று வருடமாக
அந்தக் கண்ணை யாருமே கேட்கவில்லை.

கழித்தல் குறியை எடுத்தேன்.
அடித்தளத்தில் பழைய பவர்பிசி
பத்தொன்பது மணி நேரம் கம்பைல் செய்தது.
அதன் முதுகுச் சூட்டில்
என் ஈரக் கையுறைகள் காய்ந்தன,
ஓஸ்மோவுடையவையும்.
நானூற்றுப் பன்னிரண்டு சோதனைகள்.
நானூற்றுப் பன்னிரண்டும் பச்சை.
வரியை நீக்கி அனுப்பிவிட்டு
ஏலக்காய் பன் வாங்கினோம்,
ஆளுக்கு இரண்டு.
வெய்க்கோவைப் பற்றிச் சிரித்தோம் என்பதையும்
சொல்லிவிட வேண்டும்.

நான்காம் நாள் காலை கடிதம்.
ஃபரோ தீவுகள், கிளாக்ஸ்விக் துறைமுக அலுவலகம்,
சோல்ருன்.

'புதிய பதிப்பு மிக வேகம், நன்றி.
ஆனால் எங்கள் அலைமானிப்படி
இன்று ஆறு மணிக்குக் கடல்
நூற்று அறுபத்தேழு கிலோமீட்டர் உயர்ந்துவிட்டது.
எட்டிப் பார்த்தேன்.
படகு கட்டும் தூணுக்குக் கீழேதான் இருக்கிறது.
எதை நம்புவது?'

கூட்டிப் பார்க்கவே தேவைப்படவில்லை.
சிலர் முகவரியை வீட்டு எண்ணில் தொடங்குவார்கள்,
சிலர் நாட்டில் தொடங்குவார்கள்;
சிப்புகளும் அப்படியே.
கடல் ஒரு சென்டிமீட்டர் ஏறியது.
ஜிட் அந்த ஒன்றை வால்பக்கமிருந்து எழுத,
பவர்பிசி தலைப்பக்கமிருந்து படித்தது:
ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்து
எழுபத்தேழாயிரத்து இருநூற்றுப் பதினாறு.

என் நானூற்றுப் பன்னிரண்டு சோதனைகளைத்
திறந்து பார்த்தேன்.
எல்லாவற்றிலும் பூஜ்யம்.
பூஜ்யத்துக்குத் தலை ஏது, வால் ஏது?

'அந்தச் சிப்பில் மொத்தம் எத்தனை பேர்
இருக்கிறார்கள்?' ஓஸ்மோ கேட்டான்.
தெரிந்தவரை ஒருத்தி.
'ஒருத்திக்காகவா ஒரு வரி?'
எண்பது எழுத்துகூட வராத வரி, என்றேன்.
அவள் பார்ப்பதோ ஒரு துறைமுகம்.

சோல்ருனுக்கு எழுதினேன்:
சன்னலை நம்புங்கள். மாலைக்குள் திருத்தம்.
கழித்தல் குறி தன் இடத்துக்குத் திரும்பியது,
பவர்பிசிக்கு மட்டும்;
மற்ற ஏழும் தங்கள் ஜிட்டுடன் ஓடட்டும்.

பிறகு குறிப்பு.
வெய்க்கோ எழுதியதை அப்படியே மீட்டேன்.
கீழே என் பங்குக்கு:
'பூஜ்யத்தை வைத்துச் சோதிக்காதீர்கள்.
ஒன்றை வையுங்கள். தற்காலிகம்.'

கடைசிச் சொல்லை அழித்தேன்.
திரும்பத் தட்டினேன்.
பெயர் போட்டேன்: ஐலா கொர்பெலா, ஜனவரி.
வருடத்தைப் போடக் கொஞ்சம் தயங்கி,
போட்டேன்.

வெளியே குறி அப்படியே நிற்க
எண் மட்டும் பத்தொன்பதாகியிருந்தது.
கீழே போய்க் கையுறையை எடுத்தேன்.
ஒன்று காய்ந்திருந்தது.