மொழி தெரிந்த ஆள்

கல்யாண வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றார்.
கருங்கலில் இருந்து இரண்டு வேன், ஒரு காரு.
இறங்கியவர்கள் சட்டையை இழுத்துவிட்டு
ஒரு சொல்லுக்காகக் கொஞ்சம் தயங்கினார்கள்.
அவர் பன்னீர் தெளித்தார். வாயைத் திறக்கவில்லை.

சம்பந்தியின் தம்பி இலையில் கைவைக்காமல் எழுந்தார்.
"பட்டாளத்துப் பென்சனுக்கு இவ்வளவு திமிரா?"
பந்திக்கும் வாசலுக்கும் நான்தான் ஓடினேன்,
வாருங்க வாருங்க என்று
இரண்டு பேருக்குமாகச் சேர்த்து.
என் மகள் ஜெமிலா அந்தப் பேச்சை
நாலு வருசம் கேட்டாள்,
மீன்குழம்பில் புளி கூடும்போதெல்லாம்.

அருமனையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்:
ஞானசிகாமணி வீட்டுக்குப் போனால்
நாற்காலி கிடைக்கும், கட்டன்சாயா கிடைக்கும்,
கிறிஸ்துமசுக்கு கேன்டீன் ரம்மும் கிடைக்கும்.
வா என்று ஒரு வார்த்தை கிடைக்காது.

எனக்கே தெரிந்தது மிகவும் பிந்தித்தான்.
மழைநாள், பால்வெட்டு இல்லை.
முந்தின நாள் உறைந்ததை ஷீட் அடித்துக்கொண்டிருந்தோம்.
அவர் கைப்பிடியைச் சுற்ற, நான் மறுபக்கம் பிடித்தேன்.
சுற்று நின்றது.

"அங்கயும் ஓட்டு வீடுதான்.
கிணத்துக்கு அடுத்து கமுகு, முற்றத்துல பிலாவு.
நம்ம வீடுன்னே தோணிச்சு.
கதவுக்கு அப்புறம் ஆளுக மூச்சு விடுற சத்தம்.
கம்பெனியில மொழி தெரிஞ்ச ஆள் நான் ஒருத்தன்.
மேஜர் சொன்னான், விளின்னு.
விளிச்சேன். ஒண்ணும் செய்யமாட்டோம், வெளிய வாருங்க.
உள்ளேயிருந்து ஒரு பொம்பளைக் குரல்:
நீங்கள் தமிழோ?
ஆமாம்னேன்.
கொண்டி நீங்குற சத்தம் கேட்டுது.
வந்தாங்க."

எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை.
வந்தபிறகு என்று கேட்கவில்லை.
ரோலரில் பாதி நசுங்கி, பாதி நசுங்காமல்
தொங்கிக்கொண்டிருந்தது பால்கட்டி.
சொட்டிய தண்ணீர் என் கால்விரலை நனைத்தது.
அந்த வருசம் அவர் அனுப்பிய மணியார்டரில்தான்
எங்கள் கிணற்றுக்குக் கல் கட்டினோம்.
அதையும் அன்றைக்குத்தான் நினைத்தேன்.

சம்பந்தியிடம் சொல்லிவிடலாமா என்று
கருங்கல் வரைக்கும் ஒருதடவை பஸ் ஏறினேன்.
பலகாரப் பொதியைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.
எதைச் சொல்வது?
என் வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு வார்த்தைக்கு
நாக்கு எழும்பாது என்றா?

இப்போது வெட்டுக்கு நான்தான் போகிறேன்,
அவருக்கு முட்டு வலி.
தோட்டம், விளித்தால் கேட்கும் தூரம்.
விடியுமுன் சாயா போட்டுவிட்டு
முற்றத்தில் நின்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும்.
கொடுக்கமாட்டார்.
டார்ச்சு ஒன்று மரங்களுக்கு இடையே
நொண்டிக்கொண்டே இறங்கிவரும்.
நாலு வரிசை கடந்து என் முன்னால் வந்து நிற்கும்.

சில நாள் வெளிச்சம் பாதி வழியில் நின்றுவிடும்.
கத்தியைச் சிரட்டையில் போட்டுவிட்டு
நானே ஏறிப் போவேன்.