சாட்சி நேரத்தில் சொல்லாதது

வெள்ளி இரவு பத்து மணிக்கு
டூங்காபியில் வேன் ஏறினோம்.
பதினோரு பேர், ஒன்பது மண்வெட்டி,
பியூலா அக்கா கட்டித்தந்த சட்னி சாண்ட்விச்.
ஏன் போனேன் என்றால்
மனைவி என் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

ஆளுக்கொரு ஆரஞ்சு டீ-சர்ட்.
முதுகில் ஆங்கிலத்தில் வசனம்:
தண்ணீரைக் கடக்கையில் கூட இருப்பதாகக்
கர்த்தர் சொன்னது.

லிஸ்மோருக்குள் நுழைந்தபோது
பாட்டை நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை,
தானே நின்றது.
தெரு நெடுக வீடுகள்
வயிற்றிலிருந்ததை வெளியே கக்கி வைத்திருந்தன.
மெத்தை, தொட்டில், ஒரு பியானோ,
மின்கம்பியில் மாட்டிய நாற்காலி.
நதி மட்டும்
நான் எங்கேயும் போகவில்லையே என்பதுபோல்
தன் இடத்தில் கிடந்தது.

எங்களுக்கு விழுந்த வீடு நொரீன் பாஸ்கோவுடையது.
எழுபத்தொரு வயது, ரப்பர் பூட்ஸ்,
உதட்டில் பற்றவைக்காத சிகரெட்.
"சர்ச்சா?"
"சர்ச்தான்."
"சரி. முதல்ல ஃப்ரீசர்."

ஒன்பது நாள் கரண்ட் இல்லாத ஃப்ரீசர்.
உள்ளே அரை மாடு, அவள் தம்பி வளர்த்தது.
மூடியை எட்டுச் சுற்று டேப் போட்டுக் கட்டினோம்.
மேலிருந்து கீழே பதினாலு படி.
ஐந்தாம் படியில் சற்குணம் மாமா
ஸ்தோத்திரம் சொல்லத் தொடங்கினார்.
ஒன்பதாம் படியில்
வேறொரு வார்த்தை சொன்னார்.
எனக்குக் கேட்டது. கர்த்தருக்கும் கேட்டிருக்கும்.
சிரிக்க எவருக்கும் மூச்சு இல்லை.

பிறகு சேறு.
நாற்று நடும் சேறு அல்ல இது.
டீசல், சாக்கடை,
யாருடைய பெயிண்ட் கடையோ, யாருடைய கோழிகளோ.
சுரண்டச் சுரண்ட
தரைவிரிப்பின் பூக்கள் தெரியும்,
திரும்பிப் பார்த்தால் மறைந்திருக்கும்.
வாரத்தில் ஐந்து நாள் வரிக்கணக்குப் பார்க்கும் என் உள்ளங்கை
ஒரு மணி நேரத்தில் தோலைக் கழற்றிவிட்டது.
மத்தியானத்துக்குள்
பதினோரு முதுகிலும் வசனம் இல்லை,
ஒரே நிறம்.

மாலையில் நொரீன் ஹோஸ் பைப்பை எடுத்து
எங்களை வரிசையாய் நிற்கச் சொன்னாள்,
ஆட்டைக் கழுவுகிறவள்போல்.
குளிர்ந்த நீர். பின்கழுத்திலிருந்து கீழே.
என் முதுகில் ஒவ்வொரு எழுத்தாய் வெளிவந்திருக்க வேண்டும்,
பைப் அசையாமல் நின்றது.
படித்தாள். மெல்ல, சத்தமாய்,
பள்ளிப் பிள்ளைபோல் விரல்வைத்து.

"நல்லா இருக்கு," என்றாள்.
"அன்னைக்கு ராத்திரி மூணு மணிக்கு
கூரைமேல நானும் டெக்ஸும்தான் இருந்தோம்.
டெக்ஸ் நாய்.
ஏழு மணிக்கு ஒரு பையன் தகரப் படகில வந்தான்.
கஞ்சா வாடை. பேர் கேக்கல.
சட்டையே போட்டிருக்கல அவன்."

முடிவில் வீட்டுக்காரருக்காக ஜெபிக்க வேண்டும்.
அட்டவணையில் அது என் பெயரில் இருந்தது.
வேனில் ஒத்திகைகூடப் பார்த்திருந்தேன்.
"ஜெபிக்கலாமா?"
"முதல்ல குழாய மூடு," என்றாள்.
மூடிவிட்டு வந்தேன்.
ஒத்திகை பார்த்தது ஒன்றும் வரவில்லை.
அவள் கண்ணை மூடவில்லை. நானும் மூடவில்லை.
ஒருவரை ஒருவர் பார்த்தபடியே
ஆமென் வரை போனோம்.
அதற்குப் பின்தான் சிகரெட்டைப் பற்றவைத்தாள்.

அடுத்த ஞாயிறு.
"நம்ம சகோதரர் சாட்சி சொல்லுவார்" என்று
மைக் என் கைக்கு வந்தது.
நகக்கண்ணில் இன்னும் லிஸ்மோர்.
சபை முன்னோக்கிச் சாய்ந்தது.

"ஃப்ரீசர் ரொம்பக் கனம்," என்றேன்.

காத்திருந்தார்கள்.

"பதினாலு படி," என்றேன்.

மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.
பின்வரிசையிலிருந்து
சற்குணம் மாமா மட்டும்
ஆமென் என்றார், சத்தமாக.