அறுபது ஓம்

அக்வாவைக் கயிற்றில் கட்டி இழுத்து வந்தது
நெல்மூட்டை ஏற்றும் லேண்ட்மாஸ்டர்.
என் முதல் வார்த்தையே ஏச்சு:
முன்சில்லு உருண்டால் உள்ளே மோட்டாரும் உருளும்,
உருளுற மோட்டார் கரண்ட் பிறப்பிக்கும்,
இது கட்டி இழுக்கிற சாமானில்ல காக்கா.
அவர் கயிற்றைச் சுருட்டினார்,
ஏச்சில் பாதியையும் அதோடு சுருட்டிக்கொண்டு
சம்மாந்துறைச் சந்திப் பக்கம் போய்விட்டார்.

பவதாரணி இறங்கினாள். ஊர் வீரமுனை,
மருத்துவிச்சி வேலை, ரெண்டு மணிக்கு டியூட்டி.
டேஷில் எல்லா விளக்கும் எரிந்தது
பெருநாள் இரவுக் கடைத்தெருவாய்.
கல்முனையில் ஒருவர் பார்த்துச் சொன்னாராம்,
பெரிய பற்றரி மௌத்து. ஏழு லட்சம்.

ஸ்கேனரைச் செருகினேன்.
பிரேக் சொல்கிறது: கூப்பிட்டேன், பதிலில்லை.
இஞ்சின் சொல்கிறது: கூப்பிட்டேன், பதிலில்லை.
எல்லார் முறைப்பாடும் பின்சீட்டடியில் குந்தியிருக்கும்
பற்றரிப் பெட்டியைப் பற்றி.
பேசாதவனை எல்லாம் செத்தவன் என்றால்
நம்மூரில் எத்தனை வீட்டில் கத்தம் ஓத வேண்டும்.

வண்டிக்குள் பேச்சு ஓடுவது ரெண்டு கம்பியில்,
ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு.
ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும்.
இடையில் விழும் வித்தியாசம்தான் சொல்.
வெளியிலிருந்து வரும் இரைச்சல் ரெண்டிலும் ஒரேயளவு விழுவதால்
சொல்லுக்குச் சேதமில்லை.
ஒவ்வொரு நுனியிலும் நூற்றிருபது ஓம்,
போய் முட்டிய சொல் எதிரொலியாய்த் திரும்பாமல் விழுங்கிக்கொள்ள.
ரெண்டும் சேர்ந்தால் மீற்றரில் அறுபது.

ஆனால் அந்தக் கம்பி போகும் வழியில்
செம்மஞ்சள் கேபிளும் போகிறது.
அதற்குப் பேச்சு வராது. பிடிக்க மட்டும் தெரியும்.

சாவியைத் தேத்தண்ணிக் கடை மேசையில் வைத்தேன்,
வண்டிக்கு அதன் மணம்கூட எட்டாத தூரம்.
சின்னப் பற்றரியின் மைனஸைக் கழற்றினேன்.
கையுறையை வாய்ப்பக்கமிருந்து சுருட்டி
காற்று அடைத்துக் காதில் வைத்துக் கேட்டேன்.
"நாங்களும் இப்பிடித்தான் ஊதிப் பாப்பம்," என்றாள்.
பிறகு செம்மஞ்சள் பிளக்கைப் பிடுங்கி
என் சட்டைப்பைக்குள் போட்டேன்.
இன்னொருவன் கை அதைத் தேடக் கூடாது.

இனிப் பத்து நிமிசம். ஒன்றும் செய்யக் கூடாது.
பிடுங்கிய பிறகும் கப்பாசிற்றருக்குள் கரண்ட் நிற்கும்,
ஆள் போன வீட்டில் சூடு நிற்கிற கதிரை போல.
எத்தனை பேர் இந்தப் பத்து நிமிசத்தில் சண்டை பிடித்திருக்கிறார்கள்.
அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள்,
பிறகு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.
"அவசரப்படுத்தினா கிழியும். எனக்குத் தெரியும்."

வாய்க்காலில் கொக்கு ஒன்று நின்றது.
மில்லிலிருந்து உமி பறந்து போனட்டில் படிந்தது.
ஏழாம் நிமிசத்தில் அவள் போன் அடித்தது,
எடுக்கவில்லை.

முதலில் பெரிய முனைகளில் மீற்றரை வைத்தேன்: பூச்சியம்.
பிறகுதான் சின்னக் கம்பிகளில்.
நூற்றிருபது.
அல்ஹம்துலில்லாஹ், ஒரு நுனியைத்தான் காணவில்லை.

பின்சீட்டைத் தூக்கினால்
காற்றுத் துவாரத்தடியில் வைக்கோல், நெல் உமி,
ஆசுபத்திரித் துண்டுச்சீட்டைக் கிழித்து மெத்தை.
பெரும்போகம் வெட்டி முடிந்ததும்
வயல் எலி குடியேறியிருக்கிறது.
செம்மஞ்சளை அது தொடவில்லை, புத்தியுள்ளது.
மெல்லியதில் ஒன்றை அறுத்து
மற்றதைப் பாதி கடித்துவிட்டு எங்கோ போயிருந்தது.

முறுக்குக் குலையாமல் ஒட்டுப்போட்டேன்.
ஈயம், சுருங்கும் குழாய், மேலே துணி டேப்.
அறுபது புள்ளி இரண்டு.
ஒன்றே முக்கால் ஆகிவிட்டது. எல்லாம் பூட்டி,
மைனஸை மாட்டி, சாவியை வாங்கி வந்து அமத்தினால்
வண்டி எழும்பவில்லை.
விளக்குகள் அப்படியே. என் காது சுட்டது.
ஏழு லட்சக்காரர் சொன்னது சரிதானோ?
திரும்ப ஸ்கேனர். திரும்பக் கம்பி. திரும்ப வியர்வை.

"தம்பி," என்றாள் பவதாரணி,
சிரிப்பை உதட்டுக்குள் மடித்துக்கொண்டு,
"உங்கட சட்டைப்பைக்குள்ள
செம்மஞ்சளா என்னமோ தெரியுது."