பதினொரு வெள்ளி முத்திரை

ஆ ஹெங் கடையில் செய்து வாங்கியது.
பதினொரு வெள்ளி. ரசீது இன்னும் என்னிடம்.
ஏகாம்பரம் த/பெ வெள்ளைக்கண்ணு,
சட்டமன்ற உறுப்பினர்,
புக்கிட் மெராந்தி.
இரண்டாம் வரி மட்டும் கொஞ்சம் கோணல்.
"அடுத்த தவணைக்கு நேராக்கிக்கலாம்" என்றார்.
மூன்று தவணையும் கோணலாகவே போனது.

அவருடைய சேவை மையத்தில் நான் தட்டச்சு.
கீழே மோட்டார் பட்டறை, மேலே நாங்கள்.
சனிக்கிழமை காலை படிக்கட்டு வரை வரிசை:
சிவப்பு அடையாள அட்டைக்காரர்,
குழாயில் சேறு வருகிறவர்,
மகனைப் போலீஸ் கொண்டுபோன ஒருத்தி,
எதற்கு வந்தோம் என்பதையே மறந்து
மைலோ குடித்துவிட்டுப் போகிறவர்.
எல்லாருக்கும் ஒரு கடிதம்.
"தங்கள் கனிவான பரிசீலனைக்கு" என்பதை
என் விரல்கள் தூக்கத்திலும் அடிக்கும்.
மை ஒற்றி, ஊதி, டப்பென்று முத்திரை.
மரத்தையெல்லாம் சாய்த்துச் செம்பனை நட்ட ஊரில்
மிச்சமிருக்கும் ரப்பர் அதுதான் என்று
பட்டறைத் தவமணி சொல்லிச் சிரிப்பான்.

முதல் தடவை ஜெயித்தது
இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில்.
அன்று இரவு மாலையோடு வீட்டுக்குப் போகவில்லை;
வேட்டியை மடித்துக் கட்டி, கைவிளக்கோடு,
சந்தைக்குப் பின்னால் நாறும் கால்வாயைப் பார்க்கப் போனார்.
அதற்கு மூடி போட நாலு வருஷம் ஆனது.
போட்டார். அதை யாரும் மறுக்க முடியாது.

தமிழ்ப் பள்ளிக்கு முப்பதாயிரம் என்று
கதவைவிடப் பெரிய மாதிரிக் காசோலை.
ஆளுக்கொரு மூலை பிடித்துப் படம் எடுத்தார்கள்.
பதினெட்டு மாதம் கழித்துப் பணம் வந்தது,
இருபத்திரண்டாயிரமாக.
அட்டை மட்டும் குறையாமல் இருந்தது.
வடைக்கடை பொன்னுருவி கேட்டு வாங்கிப் போய்ச்
சாரலுக்கு மறைப்பாகக் கட்டினாள்.
அவர் கையெழுத்து எண்ணெய் குடித்துப் பழுப்பானதைப்
பசியாறப் போகும்போதெல்லாம் பார்ப்பேன்.

ஆர்டன்மோர் தோட்டத்தை விற்றபோது
லயத்தில் நாற்பத்து மூன்று குடும்பம்.
திங்களன்று ஒரு கடிதம் அடித்தேன்:
மாற்று வீடு இல்லாமல் வெளியேற்றக் கூடாது.
புதனன்று ஓர் அறிக்கை:
வளர்ச்சித் திட்டத்தைத் தொகுதி வரவேற்கிறது.
இரண்டிலும் அதே முத்திரை.
வெள்ளியன்று அவையில்
ஆதரிப்பவர்கள் சொல்லலாம் என்றார் சபாநாயகர்.
இவர் வாய் அசைந்தது.
சத்தம் வந்ததா என்று
பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கே தெரியாதாம்.
குறிப்பேட்டில் ஒருமனதாக என்று இருக்கிறது.

நான் கேட்கவில்லை.
ஒரு நாள் ஈப்போவிலிருந்து திரும்பும்போது அவராகவே சொன்னார்:
"முப்பத்தோரு குடும்பத்துக்கு வீடு கிடைச்சிருச்சு, இந்திராணி.
கணக்குக்குப் பன்னிரண்டுதானே குறையுது."
பன்னிரண்டில் ஒன்று என் அக்கா வீடு.
அவருக்கும் தெரியும்.
மழை நின்ற பிறகும் வைப்பர்
கண்ணாடியைக் கிறீச்சிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தது.
இருவருமே நிறுத்தவில்லை.

நாலாம் தடவை தோற்றது அறுபத்தோரு ஓட்டில்.
அந்த அறுபத்தோரு பேர் யார் யார் என்று
ஊர் முழுக்க ஒரு மாதம் எண்ணினார்கள்.
என்னை யாரும் எண்ணவில்லை.
நான் யாருக்குப் போட்டேன் என்பதை
இங்கேயும் எழுதப் போவதில்லை.

போன சனிக்கிழமை என் வீட்டுக் குழாய்க்காகப்
புதிய ஒய்பியின் மையத்துக்குப் போனேன்.
குளிர்சாதனம், நம்பர் சீட்டு,
தானே மை ஊறும் முத்திரை.
வரிசையில் எனக்கு நாலு பேர் முன்னால் அவர்.
தெருவிளக்கு எரியவில்லையாம்.
"ஒய்பி, நீங்க முன்னால போங்க" என்று ஒருவர் விலகினார்.
சீட்டைக் காட்டித் தலையாட்டினார். பதினேழு.

முறை வந்ததும் மேசையில் இருந்த பையன்
நிமிராமலே "பேரு?" என்றான்.
"ஏகாம்பரம் த/பெ வெள்ளைக்கண்ணு" என்றார்.
சொல்லிவிட்டு, அந்த இரண்டாம் வரிக்காக
ஒரு கணம் நின்றார்.
"எந்தத் தெரு?" என்றான் பையன்.